வண்ணத்துப்பூச்சிப் பூங்காவும் எமது முற்றமும்

கல்லடிப் பக்கமிருந்து மட்டக்களப்பு நகருக்கு வருபவர்கள் வாவியைக் கடந்தே வரவேண்டும். 1924 இல் திறக்கப்பட்ட பழைய இரும்புப் பாலமும் 2013 இல் திறக்கப்பட்ட புதிய பாலமும் அங்கு அருகருகே நிற்கின்றன. பாலத்தில் நின்றால் தோணிகளையும் வலை வீசுவோரையும் காணலாம். இந்த மாவட்டத்தில் தமிழ்க் கிராமங்களும் முஸ்லிம் கிராமங்களும் அடுத்தடுத்து உள்ளன. 1990 இல் இரு பக்கத்திலும் நடந்த படுகொலைகளின் பின்னர், அயலவராக வாழ்ந்தவர்கள் ஒருவருக்கொருவர் அஞ்சினர். பிள்ளைகளும் அந்த அச்சத்துடனேயே வளர்ந்தனர்.

இவ்வாறான சூழலிலேதான் 1996 இல் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா உருவானது. உளவளத்துணையில் ஈடுபட்டிருந்த யேசு சபைத் துறவி அருட்தந்தை போல் சற்குணநாயகம், கனடிய ஓவியர் போல் ஹோகன் ஆகியோர் இதனை ஆரம்பித்தனர். யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்நாட்களிலேயே தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் பஸ்ஸில் ஒன்றாக அழைத்து வரப்பட்டனர். பல மாதங்கள் தொடர்ந்து வந்து களிமண் பிசைந்தனர், படம் வரைந்தனர், பாடினர், கதை சொன்னார்கள், நாடகம் போட்டார்கள். வாயால் சொல்ல முடியாத துயரம் கைவழியாகவும் விளையாட்டு வழியாகவும் வெளிவர அங்கு இடமிருந்தது. அன்று பத்து வயதில் அங்கு வந்த பிள்ளைகள் இன்று தாய் தந்தையராகும் வயதைக் கடந்துவிட்டனர்.

சகோதரிகளே, எல்லா ஊரிலும் இப்படியொரு பூங்கா இல்லை. ஆனால் வீட்டு முற்றத்தில் மணலும் சிரட்டையும் உண்டு. பிள்ளை செத்த வீடு, குண்டுவீச்சு என்று விளையாடினால் அதட்டி நிறுத்த வேண்டாம், அருகில் இருங்கள். நடந்ததைச் சொல்லும்படி வற்புறுத்தவும் வேண்டாம். உலக சுகாதார ஸ்தாபனம் 2011 இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கைநூலும் இதையே வலியுறுத்துகிறது. பிள்ளை தானாகச் சொல்ல வரும்போது வேலையை வைத்துவிட்டுக் கேளுங்கள். படுக்கையில் சிறுநீர் கழித்தால் ஏசாதீர்கள். சாப்பாடு, பாடசாலை, நித்திரை ஆகியவை நாளாந்தம் ஒரே நேரத்தில் நடப்பது பிள்ளைக்குப் பாதுகாப்பு உணர்வைத் தரும்.

வாரக்கணக்கில் நித்திரையின்றித் தவித்தால், உண்ண மறுத்தால், எவருடனும் பேசாது ஒதுங்கினால் அரசாங்க வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிள்ளைக்காக அங்கு போகும் தாய், தன் மனப்பாரத்தையும் அங்கே சொல்லலாம்.