அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவரை நான் கூப்பிட்டேன்

என்னால் ஒரு இளைஞரின் கை வெந்துபோனது. நான் அடுப்பைத் தொடவில்லை. பானையையும் தள்ளவில்லை. ஆனாலும் காரணம் நான்தான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கோவாவின் கிழக்கு ஓரத்தில், மலையடிவாரத்தில் இருக்கிறது சத்தரி வட்டம். கடற்கரைக்கு வருகிறவர்கள் அந்தப் பக்கம் அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை. அதனாலேயே நான் போனேன். ஊர் ஊராகப் போய் அங்கங்கே உள்ள பார்களையும் குடிவகைகளையும் பற்றி எழுதுவது அப்போது என் வழக்கம். கடற்கரையில் பியரோடு உட்கார்ந்திருப்பவர்களைவிட நான் விவரமானவன் என்று காட்டிக்கொள்ள ஆசை. தெரிந்துகொள்ளும் ஆர்வம் இல்லாமல் இல்லை. ஆனால் பெருமை அதைவிடப் பெரிதாக இருந்தது.

தெரிந்தவர் ஒருவர் என்னை முந்திரித் தோப்புக்கு நடுவே ஃபெனி என்னும் முந்திரிப்பழச் சாராயம் காய்ச்சும் ஒரு குடும்பத்திடம் அழைத்துப் போனார். பழக் காலம் மே மாதத்தோடு முடிந்துவிடும். அதற்குள் வருஷத்து வேலை முழுவதையும் செய்தாக வேண்டும். மரத்தில் இருக்கும் பழத்தைப் பறிப்பதில்லை. தானாக விழுந்ததைத்தான் பொறுக்குகிறார்கள். கொட்டையைத் திருகி எடுத்துவிட்டுப் பழத்தை மிதிக்கிறார்கள். அந்தச் சாறு மூன்று நாள் போலத் தானாகவே புளிக்கிறது. பிறகு பானையில் ஊற்றி அடுப்பேற்றுகிறார்கள். ஆவி ஒரு குழாய் வழியே வடிபானைக்குப் போகிறது. இணைப்புகளை மண்ணால் பூசி அடைத்திருக்கிறார்கள். வடிபானை சூடாகாமல் இருக்க அதன்மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் வடிவது உர்ராக். சற்று இளசான சரக்கு. அதை மறுபடி காய்ச்சினால் ஃபெனி.

தீ கூடினால் சாறு பொங்கி, குழாய் வழியே வடிபானைக்குள் பாய்ந்துவிடும். அதுவரை வடிந்தது அத்தனையும் பாழ். அதனால் அடுப்படியில் எப்போதும் ஒருவர் இருப்பார். அடுப்பில் இருப்பவர் குடிக்கக் கூடாது என்பது அந்த வீட்டுப் பெரியவரின் கண்டிப்பு. போன முதல் நாளே அவர் அதை என்னிடம் சொன்னார். தெரியாமல் செய்தேன் என்று நான் தப்பிக்க முடியாது.

ஃபெனிக்கு 2009இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2016இல் கோவா அரசு அதை மரபுப் பானம் என்று அறிவித்தது. நான் இதையெல்லாம் படித்துவிட்டுப் போய், அந்தப் பெரியவருக்கே விளக்கினேன். வாழ்நாளெல்லாம் அதைக் காய்ச்சியவர் அவர். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

அந்த வீட்டார் குடித்து நான் பார்க்கவே இல்லை. அது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. 1987இலிருந்து கள்ளுக்குத் தடை உள்ள தமிழ்நாட்டிலிருந்து போனவன் நான். எனக்குத் தெரிந்த குடி, அரசுக் கடையும் அதை ஒட்டிய பாரும்தான். காய்ச்சுகிற இடமென்றால் கூத்தும் கும்மாளமுமாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன். என் கட்டுரைக்கு அது தேவையாகவும் இருந்தது.

ஒரு நாள் மாலை பெரியவர் விறகுக்காக வெளியே போயிருந்தார். அவருடைய அக்கா மகன் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபதைத் தாண்டிய வயது. தொழிலைக் கற்றுக்கொண்டிருந்தவர். நான் மரத்தடியில் உர்ராக் குடித்துக்கொண்டிருந்தேன். அவரைக் கூப்பிட்டேன். தலையாட்டி மறுத்தார். மறுபடி கூப்பிட்டேன். மாமா திட்டுவார் என்றார். எங்கள் ஊரில் விருந்தாளி நீட்டியதை மறுத்தால் அவமானம் என்று சொன்னேன். அப்படி எந்த வழக்கமும் இல்லை. அந்த நிமிஷத்தில் நான் உண்டாக்கியது அது. அவர் எழுந்து வந்தார்.

ஒரு கிளாஸ் கொடுத்தேன். அதோடு விடவில்லை. கிளாஸோடு படம் எடுக்க வேண்டும் என்றேன். அந்த இடத்தில் வெளிச்சம் போதவில்லை என்று இன்னும் தள்ளி நிற்கவைத்தேன். அவர் அடுப்பைத் திரும்பிப் பார்த்தார். 'இங்கே பாருங்கள்' என்றேன். அவர் பார்த்தார்.

அடுப்புக் கொட்டகையிலிருந்து சீறும் சத்தம் கேட்டது. அவர் ஓடினார். பானை பொங்கி, மண்பூச்சு விட்டுப்போய், இணைப்பிலிருந்து ஆவி பீறிட்டுக்கொண்டிருந்தது. அவர் வெறுங்கையால் அதை அடைக்கப் போனார். வலது கை, விரலிலிருந்து மணிக்கட்டு தாண்டி வெந்தது. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் கொண்டுவந்தது அவருடைய அம்மா.

பெரியவர் வந்து என்ன நடந்தது என்று கேட்டார். இளைஞர் என்னைப் பார்த்தார். நான் பேசியிருக்கலாம். 'நான் மரத்தடியில் இருந்தேன், கவனிக்கவில்லை' என்றேன். பயந்துவிட்டேன். அந்த வீட்டார் முன்னால் சிறுமைப்பட்டுவிடுவேனோ என்ற பயம். பெரியவர் இளைஞரின் வாயை முகர்ந்து பார்த்தார். அதன் பிறகு இளைஞர் என்ன சொல்லியும் எடுபட்டிருக்காது. அவரோ எதுவுமே சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

மறுநாள் காலையில் கிளம்பிவிட்டேன். வைத்தியச் செலவுக்குக்கூட எதுவும் கொடுக்கவில்லை. கொடுத்தால் ஏன் என்று கேட்பார்கள் என்று கணக்குப் போட்டேன். பெரியவர் எனக்கு ஒரு பாட்டில் ஃபெனி கொடுத்து, காசு வேண்டாம் என்றார். வாங்கிக்கொண்டேன்.

மிச்சத்தைப் பிறகு அந்தத் தெரிந்தவர் சொன்னார். விழுந்த பழம் கை ஆறும்வரை காத்திருக்காது. இளைஞரின் அம்மாவே பகலில் பழம் பொறுக்கி, இரவில் அடுப்பையும் பார்த்திருக்கிறார். அடுத்த பருவத்தில் பெரியவர் அந்த இளைஞரை அடுப்புப் பக்கம் விடவில்லை. குடிக்கிறவன் கையில் தீயைக் கொடுக்க மாட்டேன் என்றாராம். அந்த இளைஞர் குடிகாரர் அல்ல. அது அந்தப் பெரியவருக்கு இன்றுவரை தெரியாது. நான் சொல்லவில்லை.

கட்டுரை வெளிவந்தது. பாராட்டினார்கள். அந்தப் படம் அதில் இருந்தது. மரத்தடியில், கையில் கிளாஸோடு, சிரிக்க முயலும் இளைஞர். படத்தின் கீழே, வேலை முடிந்து இளைப்பாறுகிறார் என்று எழுதியிருந்தேன். அது பொய். அந்தச் சரக்கில் மெல்லிய புகைமணம் இருப்பதாகவும் அதில் எழுதியிருந்தேன். அது அடிப்பிடித்த வாடை. எழுதும்போதே எனக்குத் தெரியும்.