இலை உதிராத காட்டில் விழுந்த பனி

மேற்கு மாசசூசெட்ஸின் மலை ஊர்களுக்குக் குடிவரும் நம்மவர்களிடம் எல்லோரும் குளிரைப் பற்றித்தான் எச்சரிக்கிறார்கள். கோட்டு, கையுறை, கம்பளிக் காலுறை என்று பட்டியல் நீளும். குளிரைச் சமாளித்துவிடலாம். கடுங்குளிரில் விழும் பனி அரிசி மாவு மாதிரி உலர்ந்து கிடக்கும். துடைப்பத்தால் தள்ளினாலே வாசல் சுத்தமாகிவிடும். பயப்பட வேண்டியது ஈரப் பனிக்கு. வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி நிற்கும்போது விழும் பனி பாதி உருகியே இறங்கும், தொட்டதில் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். இலை, கிளை, மின்கம்பி, கூரை எதையும் விடாது.

அதன் எடையைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் புரியும். உலர்ந்த புதுப் பனி ஒரு கன மீட்டருக்கு ஐம்பது முதல் நூறு கிலோ வரை இருக்கும். ஈரப் பனி இருநூறு கிலோவைத் தாண்டிவிடும். வீட்டு வாசலிலிருந்து சாலை வரை மூன்று மீட்டர் அகலம், இருபது மீட்டர் நீளத்தில் ஒரு வண்டிப் பாதை. அதில் முப்பது சென்டிமீட்டர் ஈரப் பனி. மொத்தம் மூன்றரை டன்னுக்கு மேல். அதைக் கைமண்வெட்டியால் அள்ளப் போய் மாரடைப்பில் விழுகிறவர்கள் ஒவ்வொரு குளிர்காலமும் உண்டு.

2011 அக்டோபர் 29, 30 தேதிகளில் வந்த புயலை இந்தப் பக்கத்து ஆட்கள் இன்னும் பேசுகிறார்கள். எங்கள் மலைத்தொடரிலேயே உள்ள பெரு என்ற சின்ன ஊரில் 32 அங்குலம் கொட்டியது. ஜனவரியில் இதே அளவு விழுந்திருந்தால் ஒரு நாள் வேலை, அவ்வளவுதான். ஆனால் அது அக்டோபர். ஓக் மரங்களில் இலை உதிரவே இல்லை, மேப்பிளிலும் பாதி நின்றது. மொட்டைக் கிளை பனியைக் கீழே விட்டுவிடும். இலையுள்ள கிளை அத்தனையையும் ஏந்திக்கொள்ளும். இரவு முழுக்கக் காட்டுக்குள் கிளை முறியும் சத்தம். முதலில் ஒரு வெடிப்பு, பிறகு பனியோடு மொத்தமும் சரியும் ஓசை. இளம் பிர்ச் மரங்கள் முறியாமல் வளைந்து தலையால் தரையைத் தொட்டுக்கொண்டு நின்றன.

கிளைகள் விழுந்தது கம்பிமேல். வடகிழக்கு மாநிலங்களில் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் போனது. கனெக்டிகட்டில் மட்டும் எட்டு லட்சத்துக்கு மேல். அங்கே சில இடங்களுக்குத் திரும்ப வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. ஹாலோவீனைப் பல ஊர்கள் தள்ளிப்போட்டன.

நகரத்தில் கரண்ட் போனால் விளக்கு போகும். கிராமத்தில் தண்ணீரும் போகும். இங்கே வீட்டுக்கு வீடு ஆழ்துளைக் கிணறு, அதற்கு மின் மோட்டார். மோட்டார் நின்றால் கழிவறைக்குக்கூட வாளித் தண்ணீர்தான். போனில் அம்மா, "சுத்தி அம்புட்டும் தண்ணிதான கெடக்கு, அள்ளி உருக்க வேண்டியதுதானடா" என்றார். உருக்கினோம். விறகடுப்பில் ஒரு வாளி ஈரப் பனியை வைத்தால் கால் வாளிகூடத் தேறாது. பக்கத்துப் பண்ணைக்காரருக்கு அதைவிடப் பெரிய கவலை. மாடுகளை வேளைக்குக் கறக்காவிட்டால் மடி வீங்கும்; கறந்த பாலைக் குளிரூட்டாவிட்டால் கொட்ட வேண்டியதுதான். டிராக்டரோடு ஒரு ஜெனரேட்டரை இணைத்து ஓட்டினார். ஜெனரேட்டரை வீட்டை ஒட்டியோ கராஜுக்குள்ளோ வைத்து, புகை நஞ்சில் இறந்தவர்களும் அந்த வாரம் இருந்தார்கள்.

மீட்பு வரிசையில் கிராமம் கடைசி. முதலில் பெரிய கம்பித்தடம், பிறகு துணைமின்நிலையம், மருத்துவமனை, ஆயிரம் வீடுகளுக்குப் போகும் பாதை. நாலு வீட்டுக்கு ஒரு கம்பி ஓடும் எங்கள் சாலைக்கு அப்புறம்தான் வருவார்கள். விழுந்த மரத்தில் கம்பி சிக்கியிருந்தால், மின்சாரம் இல்லை என்று மின்வாரியத்தார் வந்து உறுதி செய்யும் வரை ஊராட்சி ஆட்கள் ரம்பம் வைக்க மாட்டார்கள். கம்பிக்காகச் சாலையும் சாலைக்காகக் கம்பியும் காத்துக் கிடக்கும்.

நான் வளர்ந்தது கேரளத்தின் இடுக்கி மலையிலுள்ள வண்டன்மேட்டில். அங்கே பனி விழாது, மழை விழும். தமிழ்நாட்டுக் கம்பத்திலிருந்து கம்பமெட்டு ஏறி வரும் ஜீப்புகளில் ஆட்கள் வேலைக்கு வந்து இறங்கும் ஏலத்தோட்ட ஊர். ஏலச்செடிக்கு நிழல் வேண்டும், ஆகவே தோட்டம் முழுக்க உயரமான மரங்கள். தென்மேற்குப் பருவம் தொடங்கினால் வாரக்கணக்கில் நனையும் இலைக்கூட்டத்தில் காற்று மோதும். ஏலத்தின் சரங்கள் தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படர்ந்து கிடப்பவை. ஒரு கிளை விழுந்தால் அந்தத் தூரின் அந்த வருஷக் காய் போச்சு. 2018 ஆகஸ்டில் செறுதோணி அணையின் மதகுகளை 26 ஆண்டுக்குப் பிறகு திறந்த அந்தப் பெருமழையில் இடுக்கி மலைகள் பட்ட பாடு ஊரறிந்தது.

அதனால்தான் அங்கே மழைக்கு முன்னால் கவாத்து எடுக்கிறார்கள். மே மாதத்திலேயே மரம் ஏறத் தெரிந்த ஆள் இடுப்பில் கயிறும் அரிவாளுமாக மேலே போவார். அடர்ந்த பக்கத்தில் கிளை கழிப்பார். மரம் ஒரு பக்கமாகச் சாயாதபடி எதிர்ப்பக்கத்தையும் பார்த்துக் கழிப்பார். வெளிச்சம் இறங்கும், ஈரம் தேங்கி அழுகல் நோய் பிடிப்பது குறையும், மழைச் சுமையும் காற்றின் பிடியும் குறையும். மரத்தை வெட்டுவதென்றால் அந்த மலையில் ஆயிரம் சட்டச் சிக்கல். கவாத்து தோட்டத்தின் வருடாந்திர வேலைகளில் ஒன்று.

வெட்டுவதற்கும் விடுவதற்கும் இடையிலான அந்த நடுவழி இங்கே கண்ணில் படுவதில்லை. 2011க்குப் பிறகு கனெக்டிகட் மாநிலம் சாலையோர மரங்களை ஆராயக் குழு அமைத்தது. மின் நிறுவனங்கள் கூடுதலாக வெட்ட வந்தபோது மக்கள் எதிர்த்தார்கள். அவர்கள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது: கம்பியைச் சுற்றிக் குடைந்து வெட்டிய மரம் பார்க்கவும் அசிங்கம், ஒரு பக்கம் கனத்து அடுத்த புயலுக்குத் தானே விழவும் செய்யும். மாசசூசெட்ஸில் 1899 முதல் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு மர அதிகாரி இருக்க வேண்டும் என்று சட்டம். அவர் பொது விசாரணை நடத்தாமல் பொதுச் சாலை மரத்தைச் சாய்க்க முடியாது. நல்ல சட்டம்தான். ஆனால் சின்ன ஊர்களில் அவருக்கு ஒதுக்கும் பணம் விழுந்த மரத்தை அப்புறப்படுத்தவே சரியாகிவிடுகிறது. நிற்கும் மரத்துக்கு வைத்தியம் பார்க்க மிஞ்சுவதில்லை.

வசந்தகால ஊர்க்கூட்டத்தில் இதைத்தான் எழுந்து சொன்னேன். வெட்ட வேண்டாம், விடவும் வேண்டாம். இலை முழுசாக வரும் முன் கம்பியோரக் கிளைகளை இரண்டு பக்கமும் பார்த்துக் கழியுங்கள், சாலைக்குச் சாலை முறை வைத்துச் செய்யுங்கள் என்றேன். ஒரு முதியவர், "உங்கள் ஊரில் பனியே இல்லையே, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். இலைமேல் ஏறுகிற தண்ணீருக்கு எடை எல்லா ஊரிலும் ஒன்றுதான் என்றேன். கைதூக்கி வாக்களித்ததில் மர அதிகாரிக்கான தொகை கொஞ்சம் கூடியது. எங்கள் சாலையின் முறை அடுத்த ஆண்டுதானாம். அதுவரை ஜெனரேட்டருக்கு எண்ணெய் வாங்கி வைக்க வேண்டியதுதான்.