சாந்தோமிலிருந்து பழவேற்காட்டிற்கு எவ்வழி செல்வது?

எர்ணாவூரில் வாழும் நமக்குத் தெற்கே ஒன்றும் வடக்கே ஒன்றுமாகப் பழம்பெரும் பதிகள் இரண்டு உள்ளன. தெற்கே திருத்தூதர் தோமையாரின் கல்லறை அமைந்த சாந்தோம். வடக்கே மகிமை மாதா வீற்றிருக்கும் பழவேற்காடு. இரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். சென்ற தவக்காலத்தில், காலையில் சாந்தோமில் திருப்பலி கண்டு, நண்பகலுக்குள் பழவேற்காட்டை அடைந்து, மாலையில் வீடு திரும்புவது என்று நம் பங்குப் பேரவை முடிவு செய்தது. போவது உறுதியாயிற்று. எப்படிப் போவது என்பதில்தான் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் கழிந்தன.

பயண வழியைத் தெரிந்துகொள்வது சிறு செய்தியன்று. நடு ஆசியாவிலே சமர்க்கந்து, புகாரா என்னும் இரு தொன்னகர்கள் உள்ளன. முற்காலத்தில் ஒட்டக வணிகர் கூட்டங்கள் அவற்றினிடையே பல நாள் நடந்தன. வழியில் அவர்கள் தங்கிய 11ஆம் நூற்றாண்டுச் சத்திரம் ஒன்றின் வாயில் இன்றும் பாலைநிலத்தில் தனித்து நிற்கின்றது. இக்காலத்தில் விரைவு ரயில் அத்தொலைவைச் சில மணி நேரத்திற்குள் கடந்துவிடுகின்றது. வெனிசு நகரத்து மார்க்கோ போலோவின் தந்தையும் சிற்றப்பனும் போர் காரணமாக வழியடைபட்டு மூன்றாண்டுகள் புகாராவிலேயே தங்க நேர்ந்தது. பின்னர், 1292ஆம் ஆண்டளவில் மார்க்கோ போலோ சீனத்திலிருந்து நாடு திரும்பியபோது, நில வழி போர்களால் இடர்ப்பட்டதாய் இருந்தமையால் கடல் வழியைத் தேர்ந்தார். அவ்வழியே வந்தமையால்தான் நம் சோழமண்டலக் கரையைப் பற்றியும், தோமையாரின் கல்லறையைப் பற்றியும் அவர் நூலில் குறிப்புகள் இடம்பெற்றன. ஒருவன் தேர்ந்த வழி அவன் எதனைக் காண்பான் என்பதை மட்டுமன்றி, எவரோடு செல்வான் என்பதையும் முடிவு செய்துவிடுகின்றது. இதனை நாம் நம் சிறு பயணத்திலேயே உணர்ந்தோம்.

பேரவைக் கூட்டத்தில் முதலில் எழுந்தவர் வாடகைப் பேருந்தைப் பரிந்துரைத்தார். ஆலய வாயிலில் ஏறலாம். ஆலய வாயிலில் இறங்கலாம். முதியோருக்கு அலைச்சல் இல்லை. செபமாலை சொல்லிக்கொண்டே செல்லலாம். கேட்பதற்கு நன்றாகவே இருந்தது. சாந்தோமிலிருந்து வடக்கே செல்ல இரு சாலைகள் உண்டு. ஒன்று, கொல்கத்தா நெடுஞ்சாலையிற் சென்று தச்சூர் கூட்டுச் சாலையில் பிரிந்து பொன்னேரி வழியாகச் செல்வது. மற்றொன்று மணலி, மீஞ்சூர் வழி. துறைமுகத்திற்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் நாளில், இரண்டாம் சாலையில் நேரக் கணக்கு நம் கையில் இல்லை என்பதை இவ்வூரார் எவரும் அறிவர்.

கட்டணம் தலைக்கு 500 ரூபாய் என்று கணக்கிட்டார்கள். அடுத்த ஞாயிறு நாற்பத்தாறு பெயர்கள் பதிவாயின. மகிழ்ந்தோம். இரவில் அப்பட்டியலை மீண்டும் படித்தபோதுதான் ஒன்று உறுத்தியது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் கரையை விட்டுப் பெயர்ந்து, இங்குள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் குடியேறிய குடும்பங்களிலிருந்து ஒரு பெயர் கூட இல்லை. மறுநாள் சென்று வினவினோம். "அன்னிக்கு வேலை இருக்கு, ஃபாதர்" என்றார் ஒருவர். "பிள்ளைக்குப் பரீட்சை" என்றார் மற்றொருவர். ஐந்து பேர் உள்ள வீட்டிற்கு 2,500 ரூபாய் என்பதை அவர்கள் சொல்லவில்லை. சொல்லாமலே அது நமக்கு விளங்கியிருக்க வேண்டும்.

ஆகவே, ரயிலில் செல்வது என்று முடிவை மாற்றினோம். இதற்குச் சிலர் முகம் சுளித்தனர். வழியோ மிக எளிது. 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. அதில் ஏறிச் சென்ட்ரலில் இறங்கி, எதிர்ப்புறமுள்ள பூங்கா நகரில் பறக்கும் ரயிலைப் பிடித்தால், கலங்கரை விளக்கம் நிலையத்தில் இறங்கிச் சாந்தோமிற்கு நடந்துவிடலாம். திரும்பி அவ்வழியே சென்ட்ரலுக்கு வந்து, கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் ரயிலில் பொன்னேரி வரை செல்லலாம். அங்கிருந்து பழவேற்காட்டிற்குப் பேருந்து உண்டு. சாதாரணக் கட்டண நகரப் பேருந்து கிடைத்தால் மகளிருக்குக் கட்டணமும் இல்லை. 2021 முதல் அச்சலுகை நடைமுறையில் உள்ளது. பட்டியலில் பெயர்கள் எழுபத்திரண்டாக உயர்ந்தன.

இவ்வாறு எல்லாரையும் சேர்த்துவிட்டோம் என்று நிறைவு கொண்டிருந்த வேளையில், எண்பது வயது கடந்த மூதாட்டி ஒருவர் திருப்பலி முடிந்து நம்மிடம் வந்தார்.

"சாமி, பஸ்ஸுன்னா நான் வந்திருப்பேன். ரயிலடிப் படியிலே என்னால ஏற முடியாது. போய் வாங்க. எனக்காக மாதாகிட்டே ஒரு மெழுகுதிரி வையுங்க" என்றார்.

அவர் பழவேற்காட்டில் பிறந்தவர். மணமாகி இவ்வூருக்கு வந்தபோது பேருந்தும் இல்லை, ரயிலும் இல்லை; படகில்தான் வந்தாராம். பழவேற்காட்டு ஏரியிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியே, ஆடவர் கழி ஊன்றித் தள்ளியும், கரையில் நடந்து கயிறு கட்டி இழுத்தும் படகைச் செலுத்துவராம். கிளிஞ்சலும் விறகும் உப்பும் ஏற்றிய படகுகளுக்கு நடுவே தம் சீர்ப்பெட்டியும் வந்தது என்று கூறி நகைத்தார்.

நம் எர்ணாவூருக்கு மேற்கே கருநிறமாய்த் தேங்கிக் கிடக்கும் அக்கால்வாயை நாள்தோறும் கடக்கிறோம். அதுவே சாந்தோமையும் பழவேற்காட்டையும் இணைத்த பழைய வழி என்பதை எத்தனை பேர் நினைக்கிறோம்? 1806ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து எண்ணூர் வரை முதலில் வெட்டப்பட்டது. பின்னர் வடக்கே பழவேற்காட்டு ஏரியோடு இணைந்து மேலும் நீண்டது. கூவத்திற்கும் அடையாற்றிற்கும் இடையே மயிலாப்பூரை ஒட்டிச் செல்லும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர்ப் பகுதி, 1877, 1878ஆம் ஆண்டுகளின் கொடும் பஞ்சத்தில் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பசித்த மக்கள் கூலிக்குத் தோண்டிய வழி அது. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. தோண்டியோர் பெயர் எதிலும் இல்லை. 1960களிலும் 1970களிலும் வீசிய புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. லாரியும் ரயிலும் படகின் வேலையைக் கவர்ந்துகொண்டன. மயிலாப்பூர்ப் பக்கம் பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாயின் உள்ளேயே ஊன்றி நிற்கின்றன. 2023ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தின்போது எண்ணெய் படர்ந்து எண்ணூர்க் கழிமுகம் வரை சென்று வலைகளைக் கறையாக்கியதையும் நம் மீனவர் மறக்கவில்லை.

இனிப் படகில் செல்ல வழியில்லை. பழவேற்காட்டு ஏரியிலாவது சற்றுத் தொலைவு படகேறலாமே என்று இளைஞர் கேட்டனர். வேண்டாம் என்று உறுதியாய் மறுத்தோம். 2011ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்று அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். விழாக் கொண்டாட வந்தவர்கள் அவர்கள். ஆர்வம் ஒருபோதும் பாதுகாப்பிற்கு முந்தலாகாது.

மூதாட்டிக்கு என்ன செய்வது? தொடக்க நூல் 33ஆம் அதிகாரத்தில் யாக்கோபு தம் அண்ணன் ஏசாவைச் சந்திக்கும் நிகழ்ச்சி நினைவிற்கு வந்தது. உடன் செல்வோம் வா என்று ஏசா அழைக்கின்றார். யாக்கோபோ, தம்மோடு இளம் பிள்ளைகளும் கன்றுள்ள ஆடுமாடுகளும் இருப்பதைக் கூறி, அவற்றின் நடைக்கேற்ப மெதுவாக வருவதாய் விடை சொல்கின்றார். வலியவனின் வேகத்தை அல்ல, எளியவரின் நடையைக் கணக்கிற் கொண்டு வழியைத் தேர்ந்தவர் அவர். நாமோ முதலில் பணம் உள்ளவர் நடைக்கும், பிறகு கால் உள்ளவர் நடைக்கும் கணக்குப் போட்டிருந்தோம்.

ஆட்டோ ஓட்டும் நம் பங்குத் தோழர்கள் இருவர் முன்வந்தனர். படியேற இயலாத முதியோர் அறுவரைச் சாந்தோமிற்கு அலைக்கழிக்காமல், மீஞ்சூர் வழியே நேராகப் பழவேற்காட்டிற்கு அழைத்து வருவது என்றும், எரிபொருட் செலவை எழுபத்திருவரும் பகிர்ந்துகொள்வது என்றும் ஏற்பாடாயிற்று.

குறித்த நாள் விடியற்காலையில் புறப்பட்டோம். சாந்தோமில் திருப்பலி கண்டு கல்லறையருகே செபித்தோம். போர்த்துகீசியர் 1523ஆம் ஆண்டளவில் எழுப்பிய ஆலயத்தின் இடத்தில், 1896ஆம் ஆண்டு முதல் இன்றைய பேராலயம் வானளாவ நிற்கின்றது. பின்னர்ப் பொன்னேரி ரயிலில் ஏறினோம். திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம் என்று நம் வீடுகளைத் தாண்டியே வண்டி சென்றது. சிறுவர்கள் தத்தம் தெருவைச் சுட்டிக் கூவினர். எண்ணூருக்கு அப்பால் கொசத்தலையாறும், உப்பளங்களும், அனல்மின் நிலையப் புகைபோக்கிகளும் கண்ணிற்பட்டன. வழியில் வேறொரு வண்டிக்கு இடம்விட்டு அரைமணி நேரம் நின்றோம். பேருந்து வேண்டும் என்றவர்கள் நம்மை ஒரு பார்வை பார்த்தனர்.

பழவேற்காட்டை அடைந்தபோது முதியோர் அறுவரும் ஆலய முற்றத்து நிழலில் அமர்ந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தனர்! "ரயில் நடந்தா வந்தது, சாமி?" என்று மூதாட்டி வினவ, எல்லாரும் சிரித்தோம்.

1515ஆம் ஆண்டில் போர்த்துகீசியர் மகிமை மாதாவிற்கு இங்கே ஆலயம் எடுத்தனர். 1613இல் டச்சுக்காரர் கெல்திரியாக் கோட்டையைக் கட்டினர். அக்கோட்டையின் எச்சமும், எலும்புக்கூட்டு உருவம் செதுக்கிய வாயிலையுடைய டச்சுக் கல்லறைத் தோட்டமும் இன்றும் உள்ளன. துணி வணிகத்தால் புகழ்பெற்ற அத்துறையிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கான மனிதரும் அடிமைகளாய்க் கப்பலேற்றப்பட்டு, பத்தாவியா முதலிய கீழ்த்திசைத் தீவுகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பஞ்சத்தில் தம்மையே விற்றவர்களும் அவர்களுள் உண்டு. வழியைத் தேர்ந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு இல்லை. திரும்பி வரும் வழியும் இல்லை. சிறுவர்களுக்கு இதனைச் சொன்னபோது முற்றம் அமைதியாயிற்று. ரயிலா பேருந்தா என்று நாம் இரு வாரம் வாதிட்டதே ஒரு பேறு என்று அங்கே உணர்ந்தோம்.

மாலையில் மூதாட்டி ஏரிக்கரைக்குச் செல்ல விரும்பினார். இருவர் தாங்கிச் சென்றனர். பிறந்த வீடு இருந்த இடத்தைக் காட்டுவார் என்று எண்ணினோம். அவர் அதைத் தேடவில்லை. குனிய இயலாமையால், ஒரு சிறுமி இரு கைகளிலும் நீரை அள்ளிக் கொடுத்தாள். அதனைத் தொட்டுச் சிலுவை வரைந்துகொண்டார். "உப்பு மாறவே இல்லை" என்றார்.

அன்பு வாசகர்களே, உங்கள் பங்கிலும் திருப்பயணங்கள் திட்டமிடப்படும். எது விரைவு, எது மலிவு என்று வினவுவது தவறன்று. ஆனால் பட்டியல் நிறைந்ததும், அதில் இல்லாதவர் யார் என்று ஒருமுறை படித்துப் பாருங்கள். அவர்கள் வீட்டிற்குச் சென்று திரும்பிய பின் வண்டியை முடிவு செய்யுங்கள். நாம் அடுத்த ஆண்டு அவ்வரிசையிலேயே செய்வதாய் இருக்கிறோம்.