வடுக்களை மறைக்காத வீதிகள்

நுழையும்முன்

ஊர்தியில் செல்பவருக்குக் கட்டடங்கள் தெரியும்; நடந்து செல்பவருக்கே அவற்றின் வரலாறு புலப்படும். மெக்சிகோ நகரத்தின் மையச் சதுக்கத்திலிருந்து தெற்கே ஏறத்தாழ 10 கி.மீ. தொலைவில் உள்ளது கொயோகான். ஓவியர்களும் எழுத்தாளர்களும் வாழ்ந்த அந்தப் பழைய குடியிருப்பின் வீதிகளில் ஒரு நாள் நடந்ததன் பதிவே இக்கட்டுரை.

கொயோட்டுகளின் ஊர்

ஓர் ஊரின் பெயரே அதன் முதல் வரலாற்று ஆவணம். ‘கொயோகான்’ என்பது நாவாட்டல் மொழிப் பெயர். ஸ்பானியர் வருவதற்கு முன்பே அஸ்தெக் மக்கள் பேசிய மொழி அது. நரியை ஒத்த, ஓநாய் இனத்து விலங்கான கொயோட்டுகளின் இடம் என்று அப்பெயருக்குப் பொருள் கூறுவர். ஊரின் நடுவிலுள்ள நூற்றாண்டுப் பூங்காவில் வெண்கலத்தால் ஆன இரு கொயோட்டுகள் நீரூற்றின் நடுவே விளையாடி நிற்கின்றன. சுற்றிலும் பலூன் விற்போர். கைப்பிடியைச் சுழற்றி இசைப்பெட்டியை ஒலிக்கச் செய்வோர். மர நிழலில் செய்தித்தாள் படிக்கும் முதியோர். நான் சென்ற காலை வேளையில் அவ்விடம் துயரம் எதையும் அறியாததுபோல் தோன்றியது.

ஆயினும் அந்தச் சதுக்கம் அறிந்த துயரம் பெரிது. 1521 ஆகஸ்டில் அஸ்தெக்குகளின் தலைநகரான டெனோச்டிட்லான் வீழ்ந்தது. அதனை வென்ற எர்னான் கோர்தேஸ், இடிந்த தலைநகர் மீண்டும் எழுப்பப்படும்வரை கொயோகானில் தங்கி ஆட்சி செய்தார். சிறைப்பட்ட பேரரசர் குவாவுத்தேமோக்கின் பாதங்கள், பொன் எங்கே எனக் கேட்டுத் தீயால் வாட்டப்பட்டதும் அக்காலத்தில்தான். சதுக்கத்திற்கு அருகிலுள்ள நிருவாகக் கட்டடத்தை மக்கள் இன்றும் ‘கோர்தேஸ் இல்லம்’ என்கின்றனர். அக்கட்டடம் அவர் காலத்திற்குப் பிற்பட்டது என்பது ஆய்வாளர் முடிவு. கட்டடம் மாறிவிட்டது, பெயர் மாறவில்லை. வென்றவரின் பெயரும் வாட்டப்பட்டவரின் நினைவும் ஒரே சதுக்கத்தில் அருகருகே வாழ்கின்றன.

நீல இல்லம்

சதுக்கத்திலிருந்து வடக்கே நடந்தால் தெருப்பெயர்கள் வியப்பூட்டும். இலண்டன், பெர்லின், வியன்னா என ஐரோப்பிய நகரங்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. இலண்டன் தெரு மூலையில் அடர்நீலச் சுவருடன் நிற்கிறது ‘நீல இல்லம்’. ஓவியர் ஃப்ரிடா காலோ 1907இல் பிறந்ததும் 1954இல் மறைந்ததும் இவ்வீட்டில்தான்.

ஆறு வயதில் இளம்பிள்ளைவாதம் அவருடைய வலக்காலைத் தாக்கியது. 1925இல், பதினெட்டு வயதில், அவர் சென்ற பேருந்தின்மீது டிராம் வண்டி மோதியது. முதுகெலும்பும் இடுப்பும் காலும் முறிந்தன. படுத்த படுக்கையான மகளுக்காகத் தாய், கட்டிலின் மேற்கூரையில் கண்ணாடி ஒன்றைப் பொருத்தினார். படுத்தபடியே வரைவதற்கேற்ற சட்டமும் செய்யப்பட்டது. கண்ணாடியில் தெரிந்த தம் முகத்தையே ஃப்ரிடா வரையத் தொடங்கினார். உலகம் போற்றும் தன்னுருவ ஓவியங்கள் பலவற்றின் தொடக்கம் அந்தக் கட்டில்தான். அக்கட்டிலின் முன் நின்றபோது அறையில் எவரும் பேசவில்லை.

சமையலறையின் தளம் மஞ்சள் நிறம். சுவரில் சிறுசிறு மண்கலயங்களைக் கொண்டே ஃப்ரிடா, தியேகோ என்னும் இரு பெயர்களும் எழுதப்பட்டுள்ளன. தியேகோ ரிவேரா, அவருடைய கணவர். மெக்சிகோவின் பெருஞ்சுவர் ஓவியர். ரிவேராவின் விருப்பப்படி பூட்டப்பட்ட குளியலறை ஒன்று 2004வரை திறக்கப்படவில்லை. திறந்தபோது ஃப்ரிடாவின் ஆடைகளும் மருந்துகளும், முதுகைத் தாங்கிய இறுக்குக் கவசங்களும், செம்மூடணி பூண்ட செயற்கைக்காலும் வெளிப்பட்டன. 1953இல் அவருடைய வலக்கால் முழங்காலுக்குக் கீழ் அகற்றப்பட்டிருந்தது. ஓவியரின் தூரிகையைப் போற்றுவது எளிது. அவரது வலியையும் அதே மதிப்புடன் காட்சிக்கு வைத்திருக்கிறது அவ்வில்லம். தம் மேனியை இறுக்கிய கவசங்களின்மீதும் அவர் ஓவியம் தீட்டியிருந்தார்.

குண்டு துளைத்த சுவர்

நீல இல்லத்திலிருந்து சில நிமிட நடையில் வியன்னா தெரு வருகிறது. ரஷ்யப் புரட்சியின் தலைவர்களுள் ஒருவரான லியோன் டிராட்ஸ்கி, தம் நாட்டிலிருந்து துரத்தப்பட்டு 1937 ஜனவரியில் மெக்சிகோவில் அடைக்கலம் புகுந்தார். முதலில் நீல இல்லத்தில் தங்கினார். ரிவேராவுடன் மனவேறுபாடு ஏற்பட்டபின் 1939இல் இவ்வீட்டிற்கு வந்தார். உயர்ந்த மதில்கள், காவல் கோபுரம், தோட்டத்தில் அவர் வளர்த்த முயல்களின் கூடுகள். அடைக்கலமும் அச்சமும் ஒரே வீட்டில் குடியிருந்ததை அவை காட்டுகின்றன.

1940 மே 24 விடியலுக்கு முன் ஆயுதக் குழு ஒன்று இவ்வீட்டினுள் புகுந்து சுட்டது. குடும்பத்தினர் உயிர் தப்பினர். பேரச்சிறுவன் காலில் காயமுற்றான். அக்குழுவை வழிநடத்தியவர், மெக்சிகோவின் புகழ்பெற்ற சுவர் ஓவியர்களுள் ஒருவரான தாவித் அல்ஃபாரோ சிக்கேரோஸ். அதே ஆண்டு ஆகஸ்டு 20இல் வேறொருவரின் தாக்குதலுக்கு ஆளான டிராட்ஸ்கி, மறுநாள் இறந்தார். அவருடைய நினைவுக்கல் தோட்டத்தில் உள்ளது.

படுக்கையறைச் சுவரில் குண்டுத் துளைகளை இன்றும் காணலாம். ஒரு கைப்பிடிச் சுண்ணாம்பு போதும், அவற்றை அடைத்துவிடலாம். அடைக்கவில்லை. காயமுற்ற அந்தச் சிறுவனே வளர்ந்து, பிற்காலத்தில் அவ்வீட்டை அருங்காட்சியகமாகக் காத்தார். வண்ணம் தீட்டிய கை ஒருநாள் துப்பாக்கியும் ஏந்தியது என்பதைக் கலையைப் போற்றும் ஓர் ஊர் மறைத்திருக்கலாம். கொயோகான் மறைக்கவில்லை என்பதே என்னை நெடுநேரம் நிற்கவைத்தது.

ஒலிகளின் இல்லம்

மாலையில் பிரான்சிஸ்கோ சோசா வீதியில் நடந்தேன். கற்கள் பாவிய தெரு. காகிதப்பூக் கொடிகள் வழியும் மதில்கள். மரவேர்கள் உயர்த்திய நடைபாதை. இவ்வீதியிலுள்ள அல்வராதோ இல்லத்தில்தான் நோபல் பரிசு பெற்ற கவிஞர் ஒக்தாவியோ பாஸ் 1998இல் மறைந்தார். 1962 முதல் இந்தியாவில் மெக்சிகோவின் தூதராகப் பணியாற்றியவர் அவர். 1968 அக்டோபர் 2இல் மெக்சிகோ நகரின் ட்லாட்டெலோல்கோ சதுக்கத்தில் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அதனைக் கண்டித்துத் தூதர் பொறுப்பிலிருந்து விலகினார். இன்று அவ்வில்லம் தேசிய ஒலிக் காப்பகம். இசையும் உரைகளும் தொல்குடி மொழிகளின் ஒலிகளும் அங்குப் பாதுகாக்கப்படுகின்றன. மனச்சான்றின் குரலுக்குச் செவிசாய்த்த கவிஞர் வாழ்ந்த வீடு, ஒலிகளைக் காக்கும் வீடானது பொருத்தமே.

தெரிந்து தெளிவோம்

கொயோட், டொமேட்டோ, அவகாடோ ஆகிய ஆங்கிலச் சொற்களுக்கு நாவாட்டல் மொழியே மூலம். நம் மாலைகளில் இடம்பெறும் செண்டுமல்லியின் தாயகமும் மெக்சிகோவே. அங்கு நவம்பர்த் தொடக்கத்தில் மறைந்தோரை நினைவுகூரும் நாளில் வீடுதோறும் இம்மலரால் படையல் அலங்கரிப்பர்.

வீதி கற்பிக்கும் பாடம்

மரபைக் காப்பது என்றால் பழைய சுவருக்குப் புதுவண்ணம் பூசுவது என்று நாம் எண்ணிவிடுகிறோம். வெற்றியை மட்டும் கல்லில் பொறித்து, வலியை மண்ணில் புதைத்தால் எஞ்சுவது அலங்காரமே, வரலாறு ஆகாது. வாட்டப்பட்ட பாதங்கள், முறிந்த முதுகெலும்பு, குண்டு துளைத்த சுவர், துறந்த பதவி ஆகியவற்றைக் கொயோகான் தன் அழகோடு சேர்த்தே காத்து வருகிறது. அதனால்தான் அவ்வழகு நெஞ்சில் நிற்கிறது. எந்த ஊரின் பழைய தெருவும் இவ்வாறு பேசக்கூடியதே. அதற்கு இரண்டு தேவை: வடுக்களை அடைத்துவிடாத நேர்மையும், நின்று கேட்கும் பொறுமையும்.