கோபாலபுரத்தில் ஒரு பாக்கெட் காணோம்!

கதீட்ரல் ரோட்டிலிருந்து கோபாலபுரத்துக்குள் திரும்பினால் பல தெருக்களுக்குப் பேர் கிடையாது, நம்பர்தான். வீடுகளுக்கோ ரெண்டு நம்பர், பழசு ஒண்ணு, புதுசு ஒண்ணு. பின்கோடு 600086. இத்தனை நம்பர் இருந்தும் யாரிடமும் வழி கேட்காமல் வீடு கண்டுபிடித்தவர்கள் கையைத் தூக்குங்கள், பார்க்கலாம்!

அந்தத் தெருக்களில் தலைக்கு மேலே பாருங்கள். கம்பத்துக்குக் கம்பம் கருப்புக் கேபிள். ஏணியில் நின்று கேபிள் இழுத்துக்கொண்டிருந்த தம்பியிடம், "இது வழியாப் போறது எதுவும் தொலையாதா தம்பி?" என்றேன்.

"தொலையும் சார். தினம் தொலையும். மறுபடி கேட்டு வாங்கிக்கும், அவ்ளோதான்" என்றார், கீழே பார்க்காமலே.

அந்த 'அவ்ளோதானை' பி.காம். பாஷையில் சொல்கிறேன். உங்கள் ஆபீஸ் சம்பளப் பட்டியல் கம்ப்யூட்டரிலிருந்து முழுசாகக் கிளம்புவதில்லை. சுமார் 1,500 பைட் பாக்கெட்டுகளாக நறுக்கி, வவுச்சர் மாதிரி வரிசை எண் போட்டு, கூட்டுத்தொகையும் எழுதி அனுப்புகிறார்கள். நடுவழியில் யாரும் உத்தரவாதம் தருவதில்லை. வாங்குகிற கம்ப்யூட்டர் கூட்டிப் பார்க்கும். டேலி ஆகாவிட்டால் குப்பைக்கு. சரியாக வந்ததற்கு ரசீது போகும். நேரத்துக்குள் ரசீது வராவிட்டால் அதே பாக்கெட் மறுபடி கிளம்பும். முன்பின்னாக வந்தவை எண்படி அடுக்கப்படும். உங்கள் சம்பளத்தில் ஒரு சைபர் தொலையாமல் இருப்பது இதனால்தான். பெயர் டி.சி.பி.; வின்ட் செர்ஃப், பாப் கான் இருவரும் 1974ல் எழுதிய யோசனையில் பிறந்தது.

மறுபடி மறுபடி அனுப்புவதிலும் ஆபத்து உண்டு. சாயங்காலம் அவ்வை சண்முகம் சாலையில் பார்த்திருப்பீர்களே, நெரிசல் என்றதும் எல்லோரும் இன்னும் மூக்கை நுழைப்பதை! 1986ல் அமெரிக்காவில் அதுதான் நடந்தது. பெர்க்லியில் சுமார் 400 கஜ தூரத்தில் இருந்த ஆய்வகத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவே, விநாடிக்கு 32,000 பிட் போன இணைப்பு 40 பிட்டாக விழுந்தது. வான் ஜேக்கப்சன் 1988ல் வெளியிட்ட வைத்தியம் ரொம்ப எளிது: பாக்கெட் தொலைந்தால் நெரிசல் என்று புரிந்துகொண்டு வேகத்தைக் குறை, வழி கிடைத்தால் மெல்லக் கூட்டு. நம்ம டூ வீலர்காரர்களுக்கு யாராவது எடுத்துச் சொன்னால் தேவலை.

2016 டிசம்பர் 12. வர்தா புயலில் சென்னையெங்கும் மரங்கள் சாய்ந்தன, இணைய இணைப்புகள் தடுமாறின. மெயில் நொண்டி நொண்டித்தான் வந்தது. ஆனால் வந்த மெயிலில் ஓர் எழுத்து குறையவில்லை.

கேபிளே அறுந்துபோனால் டி.சி.பி.யாலும் ஒன்றும் ஆகாது. கொஞ்ச நேரம் முயன்று பார்த்துவிட்டு, 'போய்ச் சேரவில்லை' என்று நேர்மையாகச் சொல்லிவிடும். கைமாற்று வாங்கிவிட்டு போனை எடுக்காத நண்பர்கள் அந்த ஒன்றையாவது கற்றுக்கொள்ளலாம்.