முன் பிரேக்கும் பழைய அச்சமும்

காரைக்குடியைச் சுற்றியுள்ள கிளைப் பங்குகளுக்கு நாம் மோட்டார் சைக்கிளிலேயே செல்கின்றோம். "முன் பிரேக்கைத் தொடாதீங்க சாமி, தூக்கி எறிஞ்சிடும்" என்று அன்பர்கள் எச்சரிப்பதுண்டு. வாய்வழியாகப் பரவிய அச்சம் இது. நூல்கள் கூறுவதோ வேறு.

அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்பாரும் அவர்தம் குழுவினரும் ஏறத்தாழ 900 மோட்டார் சைக்கிள் விபத்துக்களை நேரில் ஆராய்ந்து 1981-இல் வெளியிட்ட அறிக்கையின் முடிவுகளை வாசித்தோம். விபத்துக்குள்ளான ஓட்டுநருள் 92 விழுக்காட்டினர் முறையான பயிற்சி பெறாதவர். தாமாகவோ, உறவினர், நண்பர் வாயிலாகவோ கற்றவர். இடர் நேர்ந்த நொடியில் பலர் பின் பிரேக்கை இறுக்கிச் சறுக்கினர். முன் பிரேக்கைப் போதிய அளவு பயன்படுத்தவில்லை.

காரணம் எளிது. பிரேக் பிடிக்கையில் பாரம் முன்னோக்கிச் சாய்கின்றது. முன்சக்கரம் தரையை நன்கு பற்றுகின்றது, பின்சக்கரம் இலேசாகின்றது. ஆதலின் இரு பிரேக்குகளையும் ஒருங்கே, முன்னதைச் சீராகக் கூட்டி அழுத்துதல் வேண்டும். வெடுக்கென்று பிடிப்பதும், செம்மண் தடத்திலும் வளைவிலும் அழுந்தப் பிடிப்பதுமே ஆபத்து. வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் நான்கு மடங்காகும் என்பதையும் மறவற்க.

படித்ததைக் கையும் காலும் கற்க வேண்டுமன்றோ? ஆலய மைதானத்தில் மெல்லிய வேகத்தில் நாம் பழகி வருகின்றோம். இளைஞருக்கு அடக்கத் திருப்பலி நிறைவேற்றுவதைவிடத் துயரமான கடமை எமக்கு வேறில்லை. பெற்றோரே, பிள்ளைக்கு வண்டி வாங்கும்போது தலைக்கவசத்துடன் இவ்வறிவையும் சேர்த்து அளியுங்கள்.