ஸ்காபரோவில் ஒரு கறிவேப்பிலை வளவு

எங்கட ஸ்காபரோ வீட்டின் தெற்குச் சுவரோடு ஒட்டி, 6 அடிக்கு 8 அடியில் ஒரு கிறீன்ஹவுஸ். வெளியே மைனஸ் 15. உள்ளே 1,500 வாட்ஸ் ஹீட்டரோடு 12 பாகை. கறிவேப்பிலை உயிரோடிருக்க அது காணும். ஆனால் டிசம்பரில் ரொறன்ரோப் பகல் 9 மணித்தியாலம்தான். வெளிச்சம் இல்லாட்டி எவ்வளவு சூடு குடுத்தும் துளிர்க்காது. அதால மேல எல்.ஈ.டி. விளக்கு. தண்ணி, மண் காய்ஞ்ச பிறகு மட்டும். குளிரில ஈரம் நின்றால் வேர் அழுகிடும்.

கரண்ட் பில்லைப் பார்த்தா கடையில வாங்கிறதுதான் மலிவு. ஆனால் பனி விழுந்தா வாசலுக்கே வராத அம்மா, இப்ப தினமும் பூட்ஸ் போட்டு அங்க போறா. பின்னால என்ர மகள். வீட்டில ஆங்கிலம் மட்டும் கதைக்கிறவள், அங்க "அம்மம்மா, இது கொழுந்தா, முத்தலா?" எண்டு கேக்கிறாள். வேரில வந்த கன்றைப் பங்குனியில ரெண்டுபேரும் பிரிச்சு நடப்போகினமாம். என்னைக் கூப்பிடேல்லை.